ஆறு கோட்டைகளுக்கு ஒரு கால அட்டவணை

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று வந்த புகார்களில் ஒன்று: 'உங்கள் மெத்தையை வாங்கிய நாளிலிருந்து என் கணவர் குறட்டை விடுகிறார்.' குறட்டை உற்பத்திக் குறைபாட்டின் கீழ் வராது என்று பணிவோடு பதில் எழுதினேன். மெத்தை நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் சேர்ந்த புதிதில் இந்த மாதிரிக் கடிதங்களைப் படித்துச் சிரிப்பேன். இப்போது பணிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பகல் முழுவதும் தூக்கம் வராதவர்களுக்குப் பதில் எழுதுகிறேன். சாயங்காலம் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குகிறேன்.

வீட்டில் என் கணவர் வழக்கம்போல ஜன்னலோரம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "ஒம்பது நிமிஷம் லேட்" என்றார். என்னைச் சொல்லவில்லை, பேருந்தைச் சொன்னார். என்னைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும்.

முப்பது வருஷம் பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போட்டவர். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று தீர்மானித்த கை அவருடையது. வந்ததா என்பது வேறு இலாகா. அலுவலகத்தில் அவருக்கு 'நிமிஷம்' என்று பட்டப்பெயர். போன ஆகஸ்டில் அந்த வேலையை ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிட்டு, இவருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு இவருடையது. கூடவே ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அது தினமும் கொஞ்சம் பின்தங்கும். இவர் தினமும் நாற்காலி போட்டு ஏறித் திருத்துவார். அன்றிலிருந்து இவர் பார்க்கும் ஒரே உத்தியோகம் அதுதான்.

அன்றிலிருந்து தெருவாசலையும் தாண்டவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறார், செய்தித்தாள் படிக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார். வெளியே மட்டும் வரமாட்டார். டாக்டரிடம் போகவும் வரமாட்டார் என்பதால் அவர் சார்பில் நான் போய் உட்கார்ந்தேன். "எப்படியாவது வெளிய கூட்டிட்டுப் போயிடுங்கம்மா. வேற மருந்து கிடையாது" என்றார் டாக்டர். பிறகு என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இதையெல்லாம் இன்று எழுதக் காரணம் உண்டு. சாப்பிடும்போது செய்தித்தாளிலிருந்து கிழித்த ஒரு பக்கத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பழைய கிராமம் ஒன்று. சின்னஞ்சிறிய ஊரில் ஆறு கோட்டைகள். "இங்க ஒரு நாள் போயிட்டு வரலாம்" என்றார்.

ஆறு மாதத்தில் நாளைய தினத்தைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம். நான் ரசத்தைப் பற்றி ஏதோ கேட்டது போல "உம்" என்றேன். பெரிதுபடுத்தினால் ஓடிப்போய்விடும், பூனை மாதிரி.

பிப்ரவரி 11, புதன்

காலையில் முகச்சவரம் செய்துகொண்டார். ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

சாப்பாட்டு மேஜை அலுவலகமாகிவிட்டது. வரைபடங்கள், அளவுகோல், நான்கு நிறப் பென்சில்கள். ஒன்பது மணிக்கு வந்து உட்காருகிறார், ஒரு மணிக்கு உணவு இடைவேளை விடுகிறார். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். புகார் இல்லை.

அந்தக் கிராமத்தின் கதையை அவரே படித்துச் சொன்னார். ஒரு பிரபுவுக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். அப்பன் கண்ணை மூடியதும் பாகப்பிரிவினை. ஒருவன் முகத்தில் ஒருவன் விழிக்கக் கூடாது என்று ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டார்கள். ஆனால் எல்லாம் கூப்பிடு தூரத்தில். சண்டை போடவும் பக்கத்தில் ஆள் வேண்டுமே. ஆறாவது கோட்டை அவர்களுடைய ஒரே தங்கையுடையது. மேட்டின் உச்சியில், நாலு பக்கமும் ஜன்னல் வைத்த கோபுரம். ஐந்து அண்ணன்மார் வீட்டிலும் என்ன நடக்கிறது என்று அங்கிருந்தே பார்க்கலாமாம்.

எனக்கு ஏனோ நாத்தனார் ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

நினைத்தது தப்பு. நாத்தனார் வந்துவிட்டாள், வீட்டுக்காரரோடு.

"என்ன அண்ணி, அண்ணன் டூர் கிளம்புறாராமே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இன்னும் கிளம்பல. திட்டம்தான் நடக்குது."

"ஏண்ணா, எதுக்கு பஸ்ஸு, மாறி மாறி ஏறிக்கிட்டு? நம்ம கார் சும்மாதானே நிக்குது. இவர் ஓட்டுவார்."

'இவர்' என்பவர் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கவைப்பதிலேயே தன் வாயைத் திறக்க மறந்துபோனவர். "பாக்கலாம்" என்றார். அதுதான் அவர் இன்று பேசியது.

"கார்ல போறதுக்கு டைம்டேபிள் எதுக்கு? சாவியத் திருப்பினா போயிடலாம்" என்றார் என் கணவர்.

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

அப்புறம் நாத்தனார் என்னைப் பின்தொடர்ந்து சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. நீங்க கொஞ்சம் கறாரா இருக்கணும். கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும்."

"எனக்கு ரெண்டு கைதாம்மா இருக்கு. ரெண்டுலயும் பை இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் ஒரு பையையாவது வாங்கி வைத்திருப்பாள்.

மார்ச் 7, சனி

தேதி குறித்தாகிவிட்டது. வரும் சனிக்கிழமை.

முழு அட்டவணையையும் எனக்கு விளக்கினார். வாசலில் ஏறும் பேருந்து, சந்திப்பில் மாறும் பேருந்து, கிராமத்து நிறுத்தம், அங்கிருந்து எந்தச் சந்து வழியாக எந்தக் கோட்டை. நீலம் நடை, சிவப்பு பேருந்து, பச்சை என்னவோ. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவதில் எனக்குப் பயிற்சி உண்டு. அலுவலகக் கூட்டங்களில் கற்றது.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். விளக்கும்போது அவர் குரல் பழைய குரலாக இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

முட்டை அவித்து, ரொட்டி வெட்டி, ஆரஞ்சு வாங்கி, ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவருடைய ஷூவை எடுத்துத் தட்டினேன். ஆகஸ்ட் மாதத்துத் தூசி அப்படியே இருந்தது.

நாளைக்கு இவர் அந்த கேட்டைத் தாண்டிவிட்டால் போதும். கோட்டை எல்லாம் இடிந்து விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை.

மார்ச் 14, சனி

போகவில்லை.

படியிறங்கி வந்தார். நான் முன்னால், அவர் பின்னால். கேட்டின் கொண்டியில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து எதிரே பேருந்து வந்து நின்றது. சரியான நேரத்துக்கு. நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து அப்படி ஓர் அதிசயத்தைப் பார்த்ததில்லை.

"கரெக்டா வந்துட்டான்" என்றார்.

"நல்லதுதானே, ஏறுங்க."

அவர் பேருந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது இவர் போட்ட நேரம் இல்லை, மென்பொருள் போட்ட நேரம். இவர் இல்லாமலேயே சரியாக வந்துவிட்டது. அதற்கு அந்த ஓட்டுநர் இன்றைக்குத்தானா நாள் பார்க்க வேண்டும்? ஒரு பத்து நிமிஷம் எங்காவது டீ குடித்துவிட்டு வந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

பேருந்து போனது. கொண்டியிலிருந்து கையை எடுத்தார். "சந்திப்புல மாறுறதுக்கு நேரம் கம்மியா விட்டிருக்கேன். பத்தாது. திருத்தணும்" என்று படியேறினார்.

முட்டையும் ரொட்டியும் வீட்டிலேயே சாப்பிட்டோம். காலை எட்டு மணிக்கு, ஷூவைக்கூடக் கழற்றாமல். ஆரஞ்சை நான் உரித்துக் கொடுத்தேன். உல்லாசப் பயணம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல.

மார்ச் 17, செவ்வாய்

மகள் போன் செய்தாள். வேறு ஊரில் இருப்பதால் அவளுக்கு எல்லாமே தெளிவாகத் தெரிகிறது.

"அம்மா, உனக்குப் புரியலையா? அப்பா போறதுக்காக ப்ளான் பண்ணல. போகாம இருக்கறதுக்காகத்தான் பண்றார்."

"அப்படியே இருக்கட்டும். ஷேவ் பண்றாருல்ல?"

"எவ்வளவு நாளைக்கும்மா இப்படியே?"

"தெரியலடி. நீ சாப்பிட்டியா?"

பதில் இல்லாதபோது சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிடுவேன். இந்த வம்சத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும். "சாப்பிட்டேன்" என்றாள், வேறொரு குரலில்.

அவள் சொன்னது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். முதல் வாரத்திலேயே தெரியும். திட்டம் முடிந்துவிட்டால் ஒன்று கிளம்ப வேண்டும், இல்லை ஜன்னலுக்குத் திரும்ப வேண்டும். அதனால் அது முடியவே முடியாது. அட்டவணை முடியாதவரைக்கும் அவர் உத்தியோகத்தில் இருக்கிறார். நான்? நான் அந்த அலுவலகத்தில் டீ கொடுக்கிறேன்.

மார்ச் 28, சனி

இரண்டாவது தேதியும் போயிற்று. காரணம் வானிலை. வெயில் அடித்தது.

ஏப்ரல் 8, புதன்

எழுதவே கூடாது என்று நினைத்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் ஒரு கடிதம். வயதான ஓர் அம்மாள். 'மெத்தையின் வலது பக்கம் குழி விழுந்திருக்கிறது. இடது பக்கம் புதிது போல மேடாக இருக்கிறது. அவர் போன பிறகுதான் கவனித்தேன். படுத்தால் காலியாக இருக்கும் பள்ளத்துக்குள் உருண்டு விடுகிறேன். இதற்கு உத்தரவாதம் உண்டா?' எங்களிடம் அச்சடித்த பதில் இருக்கிறது: சீரற்ற பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. அதை உறைக்குள் போட்டேன். வெளியே எடுத்தேன். மறுபடி போட்டேன். மேலாளர் அந்தப் பக்கம் வந்து, "மேடம், உறையைச் சோதனை பண்றீங்களா?" என்றார். அப்படியே இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பேருந்தில் அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. பையில் அவருடைய அட்டவணை. மூன்றாம் பதிப்பு, 'படிச்சுட்டுச் சொல்லு' என்று காலையில் கொடுத்திருந்தார். முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். படித்ததை நம்பாமல் மறுபடி படித்தேன். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க பாருங்க. முதல் கோட்டை. வருகை பத்து நாப்பது. புறப்பாடு பத்து நாப்பது."

"ஆமா."

"ரெண்டாவது கோட்டை. வருகை பத்து அம்பத்திரெண்டு. புறப்பாடும் பத்து அம்பத்திரெண்டு."

"ஆமா. பன்னெண்டு நிமிஷ நடை. மேடு இருக்கு, அதையும் சேத்துட்டேன்."

"அப்ப கோட்டைக்குள்ள எப்பப் போறோம்?"

அவர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

பேருந்து அட்டவணையில் நடுவழி நிறுத்தம் என்பது ஒரே நேரம்தான். வருவதும் அதே நிமிஷம், போவதும் அதே நிமிஷம். இறங்கியவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பது அட்டவணையின் வேலை இல்லை. முப்பது வருஷம் அப்படித்தான் போட்டார். எங்கள் இரண்டு பேரையும் அப்படியே போட்டுவிட்டார். ஆறு கோட்டை, ஆறு நிறுத்தம். நிற்காமல் கடந்து போகும் இரண்டு பேருந்துகள் நாங்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரித்திருக்கலாம். அவரும் சிரித்திருப்பார் - சிரித்திருப்பாரா? தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளின் கடிதம், இரண்டு மாதம் மடியில் வைத்துச் சாப்பிட்ட தட்டு, கழற்றாத செருப்பு எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது.

"ரெண்டு மாசமா இதத்தான் போட்டுட்டு இருந்தீங்களா? நிக்காம பாத்துட்டு ஓடி வர்றதுக்குக் கோட்டை எதுக்கு? இந்த வீட்டு ஜன்னலே போதுமே!"

சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்தார். வரைபடங்களை மடித்தார். பென்சில்களை டப்பாவில் போட்டார். அளவுகோலை அலமாரியில் வைத்தார். மேஜையைத் துணியால் துடைத்தார். இரண்டு மாதம் கழித்து இன்று மேஜையில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 9, வியாழன்

சவரம் செய்யவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

பேருந்து இன்று அநியாயத் தாமதம். படியேறும்போதே காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னைக்கு பஸ் ரொம்ப லேட்டுல்ல?" என்று நானே கேட்டேன்.

"அப்படியா?" என்றார்.

வாய வச்சுட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்? அந்தத் தாள்ல தப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? யார் அந்தக் கோட்டைக்குள்ள போகத் துடிச்சது? நானா? எனக்கென்ன கோட்டை, எனக்கு வேணுங்கறது ஒரு நல்ல தூக்கம். இந்த மனுஷன்கிட்ட மிச்சம் இருந்ததே அந்த ஒரு வேலைதான். அதுவும் அவருக்குத் தெரியலன்னு சொல்லிட்டேன். மென்பொருள் செய்ததையே நானும் செய்துவிட்டேன். கடிகாரம் மட்டும்தான் கொடுக்கவில்லை.

நாத்தனார் போன் செய்தாள். "என்ன அண்ணி, எப்பப் போறோம்?" அந்தப் 'போறோம்' யாரையெல்லாம் சேர்த்து என்று கேட்கும் தெம்புகூட எனக்கு இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

பேருந்திலிருந்து இறங்கி வழக்கம்போல மேலே பார்த்தேன். ஜன்னலில் ஆள் இல்லை. ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. வெளிப்பூட்டு. என் சாவியால் திறந்து உள்ளே எல்லா அறையும் பார்த்தேன். குளியலறையையும் பார்த்தேன். கூப்பிட்டேன். எட்டு மாதமாக இவர் வெளியே போக வேண்டும் என்று வேண்டாத நாள் இல்லை. போன பிறகு, கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடுகிறேன். நினைத்ததையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஓடினேன். மெஷினை நிறுத்தாமலேயே சொன்னாள்: "அண்ணன் மத்தியானமே போனாரேக்கா. சாப்டீங்களான்னு கேட்டேன். ரெண்டு பத்துன்னாரு."

"என்னது?"

"மணியச் சொன்னாருக்கா. நான் எங்க மணி கேட்டேன்?"

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பேருந்து வந்தது, இல்லை. இன்னொன்று வந்தது, இல்லை. மூன்றாவதிலிருந்து இறங்கினார். ஒரு வாரத் தாடி, சட்டையில் ஒரு பட்டன் மாற்றிப் போட்டிருக்கிறார், கையில் கைக்கடிகாரம். கட்டியிருக்கவில்லை, கையில் பிடித்திருந்தார்.

"ஏன் வாசல்ல நிக்கற?" என்று என்னைக் கேட்டார். என்னை!

"எங்க போனீங்க?"

"மீன் கடைக்கு."

"மீனா?"

"சமைக்கற மீன் இல்ல. வளக்கற மீன். கடைத்தெருவுல கண்ணாடித் தொட்டி வச்சிருப்பான்ல, அது முன்னாடி ஜனங்க எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு பாத்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு வந்தது. படியேறும்போதும் பேசினார், கதவைத் திறக்கும்போதும் பேசினார்.

"நீ கேட்டது சரியான கேள்வி. ஒரு ஆள் ஒண்ணைப் பாக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? முப்பது வருஷத்துல எங்ககிட்ட யாரும் அதைக் கேட்டதில்ல. எங்க ஆபீஸ்லயே அந்தக் கணக்கு கிடையாது. சரி, போய் எடுத்துட்டு வந்துடலாம்னு போனேன். சராசரி எடுக்க முடியல. ஒருத்தன் திரும்பிக்கூடப் பாக்காம போறான். ஒரு பொம்பள அரை மணி நேரம் நின்னா. அவ நின்ன தொட்டியில மீனே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பக்கம் கட்டடம் கட்டப் பள்ளம் தோண்டறாங்க. அங்க போனேன். பள்ளம் தோண்டற இடத்துல ஆம்பளைங்க நகரவே மாட்டேங்கறாங்க. மெஷின் நின்னப்புறமும் நிக்கறாங்க. அவங்களை எதுல சேக்கறது?"

"நீங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னைக் கணக்குல சேக்கல" என்றார்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று அவர் வெளியே குறித்திருக்கக்கூடும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்றும் போனார். தினமும் போகிறார். பள்ளம் ஆழமாகிவிட்டதாம். அங்கே நிற்கிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரும் இவரும் சேர்ந்து, தோண்டுவது சரியில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 25, சனி

போய்விட்டு வந்துவிட்டோம்.

முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. முட்டை அவிக்கக்கூட இல்லை, பயந்து. கேட் வரைக்கும் வந்தார், கொண்டியைத் திறந்தார், நின்றார். பேருந்தைக் காணோம். நிமிஷங்கள் போயின. ஒரு வழியாக மூலையில் திரும்பியது.

"பதினோரு நிமிஷம் லேட்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஓட்டுநருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். ஏறிவிட்டார்.

சந்திப்பில் மாற வேண்டிய பேருந்து எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்ததற்காகத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார், பழைய நண்பரைப் பற்றிச் செய்தி படிப்பவர் போல. "எழுத்து நல்லாப் பெருசா போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கிராமம் செய்தித்தாளில் இருந்ததைவிடச் சின்னது. மூத்தவன் கோட்டை பழுதுபார்ப்பதற்காக மூடியிருந்தது. இரண்டாமவன் கோட்டை வாசலில் நீண்ட வரிசை. "மேல போயிடலாம்" என்றார். தங்கையின் கோபுரத்துக்கு ஏறினோம். உச்சியில் ஒரு சின்ன அறை. நாலு பக்கமும் ஜன்னல், நடுவில் ஒரு கல் பெஞ்சு. கீழே ஐந்து கோட்டைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கொஞ்சம் உட்காருகிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வெயில் எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குப் போயிருந்தது. கழுத்துக்குக் கீழே அவருடைய கோட்டு, மடித்து. அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கைக்கடிகாரம் கையில் கட்டியிருந்தது.

"மணி என்ன?"

"நாலாகப் போகுது."

"ஐயோ! எழுப்பியிருக்கலாமே! ஒரு கோட்டையக்கூடப் பாக்கல. அவ்வளவு பாடுபட்டு அட்டவணை போட்டீங்க..."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். நான்காம் பதிப்பு. ஒரே நிறம், பென்சில். ஆறு கோட்டைக்கும் வருகை நேரம் போட்டிருந்தது. புறப்பாட்டுக் கட்டங்கள் ஆறும் காலி.

"இதுல எதுவும் போடலையே."

"இந்த இடத்துக்கு அது நீ எந்திரிக்கறப்பதான்" என்றார்.

பிறகு, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர் போல, "கடைசி பஸ் ஆறு மணிக்கு. அதை விட முடியாது" என்றார்.

அந்தப் பெஞ்சுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பஞ்சு இல்லை, ஸ்பிரிங் இல்லை. எத்தனையோ நூறு வருஷக் கல். ஆகஸ்டுக்குப் பிறகு நான் அப்படித் தூங்கியதில்லை. எங்கள் நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருப்பது நல்லது.

இறங்கும்போது நாத்தனார் போன். எப்படித் தெரிந்ததோ, அவளுக்கும் நாலு பக்கமும் ஜன்னல். "என்ன அண்ணி, சொல்லாமக் கிளம்பிட்டீங்க! ஆறு கோட்டையும் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சும்மா" என்றேன். பொய் இல்லை. அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

இழுப்பறையில் இருந்த கடிதத்துக்கு இன்று பதில் எழுதினேன். அச்சடித்ததை அனுப்பவில்லை. 'அம்மா, இது நிறுவனத்தின் பதில் அல்ல. மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டு, நடுவில் படுத்துப் பாருங்கள். தூக்கம் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.' மேலாளர் கேட்டால் பணிவோடு பதில் சொல்லிக்கொள்ளலாம்.

மே 5, செவ்வாய்

மேஜையில் புது வரைபடம். இந்தத் தடவை ஒரு ஏரி. பள்ளத்து ஆசிரியரும் வருகிறாராம். 'பாக்கலாம்' என்று சொல்லிப் பல் டாக்டரும் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. அப்படியென்றால் நாத்தனாரும் உண்டு. கடவுளே.

இன்று பேருந்து கால் மணி நேரம் தாமதம். இறங்கி மேலே பார்த்தேன். ஜன்னலில் ஆள் இல்லை. "கால் மணி நேரம் லேட்" என்று நானே சொல்லிக்கொண்டு மெதுவாகப் படியேறினேன். வீட்டில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

சுவர்க்கடிகாரம் பின்தங்கியிருந்தது. சில நாட்களாக யாரும் ஏறித் திருத்தவில்லைபோல. அதன்படி பார்த்தால், என் பேருந்து சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது.